தவிட்டு நிறக் கருடன்

சகாதேவனின் புதுத்தோணி தோணிரேவுக் கரை மணலில் மூக்கை ஏரிப்பக்கம் நீட்டிக்கொண்டு காய்ந்தது. மேலே கருடன் வட்டமிடாமல் எங்கள் குப்பத்தில் புதுத்தோணி தண்ணீரில் இறங்காது. ஏரியிலோ, துடுப்பு போட்டால் அதிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு இறால். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடத் தொடங்கியிருந்தது. மூடிவிட்டால் இந்த வருஷத்து இறால் அவ்வளவுதான்.

கருடன் மட்டும் வரவில்லை. கள்ளப்பருந்துக்குக் குறைவில்லை. கோட்டையில் ஒல்லாந்துத் துரைசானியின் தொப்பியையே ஒன்று தூக்கிப்போய் ஆரம்பாக்கத்தில் போட்டது. அங்கே அதில்தான் இன்னும் நெல் அளக்கிறார்கள்.

அன்று காலை ஒற்றைப் பறவை தோணிக்கு நேர்மேலே வட்டமிட்டது. உடம்பெல்லாம் தவிட்டு நிறம். சகாதேவனின் அம்மா குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"த்தூ, மீன் திருடி."

கோட்டைப் படகில் துடுப்பு வலித்து ஓய்ந்தபின் எனக்கு வானம் பார்ப்பதுதான் உத்தியோகம். விடுவேனா?

"கருடக் குஞ்சும்மா அது. செவப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்தெல்லாம் வளந்தப்புறம்தான் வரும். நீ பொறக்கும்போதே மூக்குத்தியோடவா வந்தே?"

"போண்ணே. உனுக்கு காக்காகூட கருடன்தான்."

"வாலைப் பாரு. கள்ளனுக்கு மீன் வாலாட்டம் நடுவுல பிளந்திருக்கும். கருடனுக்கு விசிறியாட்டம் வளைவு."

குப்பமே மணலில் மல்லாந்தது. கைக்குழந்தைகள்கூட வாலைத்தான் பார்த்தன. பறவையோ வாலை அகல விரித்து வைத்துக்கொண்டு மடக்குவேனா என்றது. விரித்த வாலில் கள்ளப்பருந்தின் பிளவும் மறைந்துபோகும். அது எனக்குத் தெரியும். குப்பம்மாவுக்கும் தெரியும்.

"இன்னிக்கும் வுட்டா மொகத்துவாரம் மூடிக்கும்மா," என்றான் சகாதேவன்.

குப்பம்மா என் பக்கம் குனிந்தாள். "சத்தியமா கருடனா, அண்ணே?"

"எந்தக் கள்ளன் இவ்ளோ நேரம் மீனை வுட்டுட்டு தோணியைப் பாக்கும், சொல்லு?"

அவள் வெகுநேரம் மேலே பார்த்தாள். பிறகு கைகூப்பினாள். "எவனா இருந்தா இன்னா, பாக்கற கண்ணு நல்லதா இருக்கட்டும். தள்ளுங்கடா!"

தள்ளினோம். நான் தள்ளின வேகத்தில் தோணி எதிர்க்கரைக்கே போயிருக்கும், குப்பம்மா விளிம்பைப் பிடித்திருக்காவிட்டால்.

"கையை வுடும்மா!" என்று உள்ளேயிருந்து சிரித்தான் சகாதேவன்.

அவள் விடவில்லை. முழங்கால், இடுப்பு என்று ஏரிக்குள் கூடவே நடந்தாள். அவளைச் சுற்றிச் சேலை காற்றடைத்து உப்பி, மெல்ல மிதந்தது. மேலே யாரும் பார்க்கவில்லை.