எதிர்ப்பக்கத்து நல்லசாமி

வீட்டுக்கு வந்து போகும் நல்லசாமி அண்ணன் எனக்கு எதிராக வாதாடப் போகிறார் என்று கௌரி போனில் சொன்னபோது முதலில் சிரித்தேன். கௌரி என் வழக்கைத் தயார் செய்யும் வக்கீல், இங்கே சொலிசிட்டர் என்பார்கள்; யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஓம் அக்கா, உண்மையாத்தான். நீங்க வேலை செய்த முதியோர் இல்லம் அவரைத்தான் பாரிஸ்டராப் பிடிச்சிருக்கு. காயப்பட்ட அந்த அம்மாவுக்கோ ஒண்டும் ஞாபகமில்லை. உங்கட கை எப்பிடிப்பட்டதெண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்."

மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அந்த இல்லம், ஒரு மூதாட்டியின் கையில் ரத்தம் கன்றியிருந்ததற்கு நான் முரட்டுத்தனமாகக் குளிப்பாட்டியதே காரணம் என்று என்னை வேலையை விட்டு அனுப்பியது. நியாயம் கேட்டு வழக்குப் போட்டேன். கிழவியை அடித்தவள் என்ற பெயரோடு ஆக்லாந்தில் எவன் எனக்கு வேலை கொடுப்பான்? நான் அப்படிப்பட்டவள் இல்லை என்பது நல்லசாமிக்கு நன்றாகவே தெரியும். பக்கவாதத்தில் விழுந்த அவருடைய அம்மா சரோஜாதேவியை ஞாயிறுதோறும் குளிப்பாட்டி விடுவதே நான்தான்!

கோபம் தாங்காமல் பக்குரங்காவிலிருந்த அவர் வீட்டுக்கே போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீ என்கிட்ட பேசவே கூடாது யுவனா. எல்லாம் உன் சொலிசிட்டர் மூலமாத்தான். பாரிஸ்டர்னா டாக்ஸி ஸ்டாண்டுல நிக்கிற முதல் வண்டி மாதிரி. யார் வந்தாலும் ஏத்திக்கணும். லண்டன்ல படிச்சப்பவே அதான் சொல்லிக் கொடுத்தாங்க. நான் என்ன நம்புறேங்கிறது முக்கியமே இல்ல லா."

"டாக்ஸிக்காரன்கூட தெரிஞ்சவங்க மேல வண்டிய ஏத்த மாட்டான் அண்ணே!"

கதவு மூடியது. என்ன படிப்பு, என்ன பாரிஸ்டர்! தீபாவளிக்குத் தீபாவளி என் வீட்டில் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட வாய் அது.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. சரோஜாதேவி அம்மாதான். கதவருகே பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கிறது. "கேஸு என்னைக்கி? என்னை வந்து அழைச்சிட்டுப் போ," என்றார்.

விசாரணை நாளில் நல்லசாமி என்னிடம் ஆங்கிலத்தில் குழைந்து குழைந்து கேட்டார். "அவசரத்தில் கை கொஞ்சம் முரடாகியிருக்கலாம், இல்லையா மேடம்?" மேடமாம் மேடம்! இல்லவே இல்லை என்று கத்தினேன். நான் கத்தியதும் அவருக்குத்தான் வசதியாகப் போயிற்று. கோபக்காரி என்று, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவர் எழுதிக்கொண்டிருப்பார்.

பிறகு கௌரி தன் சாட்சியை அழைத்தாள். சக்கர நாற்காலியை நானே உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். நல்லசாமியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"பெத்த புள்ள தொடவே தயங்குற உடம்பு இது. இவ கை பட்டு எனக்கு ஒரு நாளும் வலிச்சதில்ல."

கேள்விகள் உண்டா என்று நடுவர் நல்லசாமியிடம் கேட்டார். எழுந்தார். இல்லை என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

"ஏன் இல்ல?" என்றார் அம்மா. "வேலைய ஒத்துக்கிட்டேல்ல? அம்மா பொய் சொல்றாளான்னு கேளுடா!"

மொழிபெயர்ப்பாளர் தயங்கி என்னைப் பார்த்தார்.

"அதையும் சொல்லுங்க," என்றேன்.