படத்துக்கு நிற்காத பூண்டு

தங்கமுத்து செய்த ஒரே தப்பு, அழுகிய பூண்டை அன்றைக்கே பிடுங்கி எரித்ததுதான். மலைக்கிராமமான கிளாவரையில் அதைத் தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது. படிப்படியாக இறங்கும் தோட்டங்களில் மேல் தோட்டத்துத் தண்ணீர்தான் கீழ்த் தோட்டத்துக்குப் போகிறது. மேலே வேரழுகல் கண்டால் பொழுது சாய்வதற்குள் தோட்டத்தையே பிடுங்கித் தீ வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. பிடுங்காதவன் வீட்டில் ஒருத்தரும் கை நனைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவரும் மனைவி தேவசேனாவும் ஒரே நாளில் முக்கால் ஏக்கரையும் மொட்டையாக்கினார்கள். அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு வாங்க வழியில்லை. பயிர் போனவர்களுக்கு அரசாங்கம் விதைக்கு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு மனுக் கொடுத்தார். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக், பிறகு அதே அடங்கல் இன்னொரு தடவை. கையெழுத்துக்காக மட்டும் மூன்று முறை பஸ் ஏறினார். உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்ட அந்தப் படிவம், பூண்டு நிற்கிறதா எரித்தாயிற்றா என்று மட்டும் கேட்கவில்லை.

மனுக் கொடுத்த இருபத்திரண்டாம் நாள், பயிரைப் பார்க்கத் தோட்டக்கலை ஆபீசிலிருந்து விக்னேஷ் வந்தார். நல்ல மனிதர். அதுதான் சங்கடம், சண்டைகூடப் போட முடியாது.

"பயிரு எங்கங்கய்யா?"

"எரிச்சாச்சுங்க. அந்தா, சாம்பல் கெடக்கு பாருங்க."

"அழுகுன பயிரு தோட்டத்துல நிக்கணுங்க. மூணுல ஒரு பங்காவது போயிருக்கணும். அதைப் படம் எடுத்தாத்தான் போன் ஏத்துக்கும்."

"நிக்க விட்டா கீழ பூராவும் போயிருக்குமேங்க."

"எனக்குப் புரியுதுங்க. இதுக்குப் புரியாதே," என்று போனைக் காட்டினார்.

தேவசேனா கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

"தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ," என்று கீழ்த் தோட்டத்து ராக்காயி குரல் கொடுத்தாள். புருஷன் இல்லாதவள், பூண்டை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள். அவள் பாத்தியில் நாலு பூண்டுத்தாள் மஞ்சளித்திருந்தது. தங்கமுத்து ஒன்றைப் பிடுங்கி முகர்ந்தார். அதே நாற்றம். இவ்வளவு செய்தும் இறங்கிவிட்டது.

கூடவே வந்த விக்னேஷும் பார்த்தார். "நாலு செடிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா. மனுக் குடுத்து வைங்க, இருவது நாள்ல வர்றேன்," என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போனார்.

ராக்காயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். "பிடுங்கிரட்டுமா தம்பி? வெரசாச் சொல்லு, பொழுது போகுது."

இந்தக் கேள்வியை முப்பது வருஷமாக அவரிடம் ஊரே கேட்டிருக்கிறது. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. மனசு அசந்து போயிருந்தது. பிடுங்கினால் கீழே இருப்பவன் ஒருவேளை பிழைப்பான், இவள் தன்னைப் போலவே மானியமும் இல்லாமல் காலிப் பாத்தியில் நிற்பாள்.

"விட்டுரு அக்கா. நிக்கட்டும். அவரு வந்து படம் எடுக்கட்டும்."

ராக்காயி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "கீழ முருகவேலு தோட்டம் இருக்கே?"

"அவனையும் மனுக் குடுக்கச் சொல்லு."

சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் குனிந்து, கையிலிருந்த அழுகல் பூண்டை எடுத்த குழியிலேயே திரும்ப நட்டு, மண்ணைத் தள்ளி அமுக்கினார்.