எதிரிகளுக்கு வாடகைக் கோட்டு

ஒரு கன்னம் வழித்தாயிற்று. மறு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அந்த நிலையில் அப்பா கையை உயர்த்தி, சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்த மகளை நிறுத்தினார்.

“இரு, இரு. டிவியப் பாரு.”

காலைச் செய்தி. சரணடைந்த எதிரிப் படைவீரர்களை வரிசையாக நடத்திப் போய்க்கொண்டிருந்தார்கள். கவிழ்ந்த தலைகள், சேறு படிந்த சாம்பல் நிறக் கோட்டுகள். பின்னணியில் வெற்றி முரசு.

“அந்தக் குள்ளமான ஆளு கோட்டப் பாரு. முழங்கையில என்ன?”

“ஒட்டு போட்டிருக்கு.”

“என்ன துணி?”

அவள் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பழுப்பு வெல்வெட். பழைய திரைச்சீலையிலிருந்து அவளே வெட்டித் தைத்தது. நாடகக் குழுக்களுக்கு உடை வாடகைக்கு விடும் அப்பாவின் கடையை, அவருக்கு இதயம் பழுதான பிறகு அவள்தான் பார்த்துக்கொண்டாள். போன மாதம் செய்தித் துறையிலிருந்து ஒருவர் வந்து, ஏதோ கண்காட்சிக்கு என்று சொல்லி, கடையிலிருந்த சாம்பல் கோட்டு அத்தனையையும் வாரிக்கொண்டு போயிருந்தார்.

“அப்பா, இது நம்ம கோட்டு!”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். நுரை தெறித்தது. இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“எதிரி நம்ம கடையில கோட்டு வாடகைக்கு எடுத்திருக்கான்டி!”

அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. இதே டிவிதான், மலைக்காவல் முகாமில் கடைசி ஆள் வரை போரிட்டு எல்லோரும் வீரமரணம் அடைந்தார்கள் என்று சொன்னது. அவள் தம்பி, சின்னவன், அந்த முகாமில் இருந்தான். தகவல் அதிகாரி வீடு தேடி வந்து, அவன் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உடல் வரவில்லை. அம்மா அழுது அழுது வற்றிப்போனாள். அப்பா மட்டும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “உடம்பக் காட்டட்டும், நம்புறேன்” என்றார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மகளும்தான்.

“இப்பச் சொல்லு,” என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே. “பிடிபட்டவன் பொய்யின்னா, செத்தவன் மட்டும் எப்படி நெசமாவான்?”

அம்மா கரண்டியை மேசைமேல் வைத்தாள். “உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்,” என்று முணுமுணுத்துவிட்டு, சட்டென்று திரும்பி உள்ளே போனாள்.

மறு கன்னத்தை வழிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “ஆடாதீங்கப்பா, வெட்டிடும்” என்று சொல்லும்போதெல்லாம் அவர் மேலும் குலுங்கினார். பிறகு சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்றார்.

மதியம் சாப்பிட எழுப்பப் போன அம்மா, அவர் தோளைத் தொட்டுவிட்டு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு முழுதாக ஆறியிருக்கவில்லை.

மறுநாள் காலை கூடம் நிறைய ஆட்கள். அவள் தட்டில் டீ எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தாள். அப்பாவின் பால்ய சிநேகிதரான நாடக மேக்கப்காரர், வெள்ளைத் தாடி வைத்த ஒரு கூன் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

“எங்க பெரியண்ணன், அண்ணி,” என்றார் அம்மாவிடம். “வெளியூரு. காது கொஞ்சம் மந்தம்.”

அவர் பின்னாலேயே தகவல் அதிகாரி கேமராக்காரனோடு வந்து சேர்ந்தார். வெற்றிச் செய்தி கேட்ட மகிழ்ச்சியிலேயே வீரனின் தந்தை உயிர் நீத்தார் என்று வாசலிலேயே நின்று பேசிப் பதிவு செய்துகொண்டார். பிறகு கேமரா அம்மா பக்கம் திரும்பியது.

“அம்மா, நீங்க அழுதது சரியா விழல. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பி, இன்னொரு தடவ…”

அம்மா கேமராக்காரனை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப வரலப்பா.”

அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளைத் தாடி கண்ணில் பட்டது.

“பெரியவரே, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நம்ம வீரனச் சின்ன வயசுலேருந்து பாத்திருப்பீங்க.”

“அவருக்குக் காது கேக்காதுங்க,” என்று மேக்கப்காரர் பதறினார்.

“கேக்குது, கேக்குது,” என்றார் கிழவர், கரகரத்த குரலில். “நல்ல பையன்தான். கொஞ்சம் சோம்பேறி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“வீரத்தப் பத்திச் சொல்லுங்க ஐயா.”

“வீரமா? கரப்பான்பூச்சியக் கண்டா மேசை மேல ஏறிடுவான். ஒரு தடவ அவங்க அக்கா சைக்கிள்ல பின்னாடி உக்காந்து, சக்கரத்துல கால விட்டுக்கிட்டான். அடி விழும்னு பயந்து, நாய் கடிச்சிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டாங்க ரெண்டு பேரும். பாவம் அந்த மனுஷன், தெருவுல ஒரு நாய விடாம குச்சிய எடுத்துக்கிட்டுத் தொரத்துனாரு.” கிழவர் கட்டிலில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்தார். தாடி நடுங்கியது. “கடைசி வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது.”

டீ நீட்டிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து கிழவரைப் பார்த்தாள். உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அந்தப் பொய் தெரியும். ஒட்டுப் புருவங்களுக்குக் கீழே இருந்த கண்கள் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு, அடி வாங்கப்போகிறவன் போலத் தாழ்ந்துகொண்டன.

தட்டைப் பக்கத்து வீட்டு டீச்சர் மடியில் வைத்துவிட்டு அவள் அம்மாவிடம் போனாள். ஆறுதல் சொல்வதுபோலத் தோளை அணைத்துக் காதருகே குனிந்தாள்.

“அம்மா, சத்தம் போடாத. அந்தத் தாடி நம்ம சின்னவன்.”

அம்மா பார்த்தாள். தாடியை, கூனை, கைகளை. அந்தக் கைகளில் அவள் பார்வை நின்றது. பிறகு வயிற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணீர் கொட்டியது, வாய் கோணிக்கொண்டு மலர்ந்தது. இரண்டு கையாலும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “கேட்டீங்களா, கேட்டீங்களா” என்று குலுக்கினாள்.

“அருமை! அப்படியே இருங்கம்மா!” கேமராக்காரன் முட்டி போட்டு முன்னால் நகர்ந்தான். அதிகாரி கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணையும் ஒற்றிக்கொண்டார். அவர்கள் அந்த மாதம் முழுக்கப் படம் பிடித்ததில் ஒத்திகை இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

தூக்கும் நேரம் வந்தபோது கிழவர் முன்னால் வந்து தோள் கொடுத்தார்.

“உங்களால முடியுமா பெரியவரே?” என்றாள் டீச்சர்.

“நான் தூக்காம யாரு தூக்குவா?”

தெருவில் நடந்து போகையில் கூன் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கண்ணீரில் பசை இளகித் தாடியின் ஒரு ஓரம் கிளம்பிவிட்டது. மேக்கப்காரர் பக்கத்திலேயே நடந்து, முகத்தைத் துடைத்துவிடுவதுபோலக் கைக்குட்டையால் அதை அழுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் அவள் கதவைத் தாழிட்டாள்.

“நேத்து சாயங்காலம் வந்து என் வீட்டுக் கதவத் தட்டினான்,” என்றார் மேக்கப்காரர். “இங்கயோ வீடு நிறைய ஆளு. செத்துட்டான்னு அறிவிச்சவன உசுரோட பாத்தா அவங்க சும்மா விடுவாங்களா? வேற வழி தெரியல எனக்கு.”

“அங்க என்னடா நடந்துச்சு?” என்றாள் அவள்.

“ஒண்ணுமே நடக்கலக்கா. சாப்பாட்டு வண்டி வரல. என்னன்னு கேட்டுட்டு வரேன்னு போன மேலதிகாரியும் வரல. பசி தாங்காம எல்லாரும் எறங்கி நடந்துட்டோம். வழியில ஒரு டீக்கடை டிவியிலதான் நாங்க செத்ததே தெரியும். ‘பாவம், என்னமா சண்ட போட்டிருக்கானுங்க’ன்னு கடைக்காரர் சொன்னாரு. ஆமாங்கன்னு நாங்களும் தலையாட்டினோம்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துக்க வீட்டில் சிரிப்புச் சத்தமா என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று மகள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தும்போது அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பா நம்பினாராக்கா? நான் செத்துட்டேன்னு?”

“ஒரு நாள்கூட நம்பல.”

கோட்டு விஷயத்தை அவள் சொன்னாள். அவன் முதலில் தொடையில் தட்டிச் சிரித்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“சண்ட முடியற வரைக்கும் எனக்கு அண்ணனாவே இருந்துக்கோ,” என்று கடைசியில் மேக்கப்காரர்தான் சொன்னார். “மரியாதையா நடத்துறேன்.”

பொழுது சாயும் நேரம், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள். “டிவியில உங்க வீட்டக் காட்டுறாங்க! சீக்கிரம் வாங்க!”

எழுந்து போக யாருக்கும் தோன்றவில்லை. அம்மா ஒரு அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து தரையில் வைத்தாள். கீழே உட்கார்ந்து, கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்த அவன் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தாள்.

“சுடுதா?”

“இல்லம்மா.”

அவள் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.