மார்ச்சில் இரண்டு அறைகள்

பதினேழு வருடங்களாக எங்கள் பனிச்சறுக்கு விடுமுறையைத் திட்டமிடுவது என் தம்பி அன்ஸ்காரின் வேலை. அக்டோபர் பிறந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவான். "அக்கா, பிப்ரவரில கார்னிவல் வாரத்துக்கு லீவு சொல்லிட்டியா?" என்பான். அதற்குள் ஆஸ்திரியாவின் டிரோலில், வெண்டலின்பாக் கிராமத்தில், நோட்புர்கா அம்மாவின் விடுதியில் இரண்டு அறைகளுக்குச் சொல்லி வைத்திருப்பான். எந்தச் சரிவில் காலை வெயில் விழும், எந்த லிஃப்டில் பத்து மணிக்குக் கூட்டம் சேரும், மதியம் எந்தக் குடிலில் உருண்டை போட்ட சூப் சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நானும் என் கணவர் ஓட்மாரும் அவன் மனைவி மிர்யமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினால் போதும்.

போன வசந்தத்தில் அவன் கண் கெட்டது. ஜெர்மனியின் உல்ம் நகரில் பேருந்து ஓட்டுநர் அவன். ஒரு காலை, நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு முகமே இல்லாததுபோல் தெரிந்ததாம். தானே வண்டியை ஓரம் கட்டி, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னான். மூன்று மாதத்தில் இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. பரம்பரைக் கோளாறு, மருந்து இல்லை என்றார் மருத்துவர். நேராகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஓரங்களில் மட்டும் நிழல்போல ஏதோ அசையும். ஒரே வயிற்றில் பிறந்த எனக்கும் வந்திருக்கலாம். வரவில்லை. அந்த நினைப்பே அவன் எதிரில் என்னைச் சகஜமாக உட்காரவிடாமல் செய்தது.

அந்த அக்டோபரில் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. மிர்யமிடம் கேட்டேன்.

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க அண்ணி," என்றாள். "சறுக்குப் பலகையெல்லாம் கீழ ஸ்டோர் ரூம்ல இருக்கு. அந்தப் பக்கமே அவன் போறதில்ல."

ஓட்மாரும் அதையே சொன்னார். "நாம மட்டும் போனா அவன் மனசு என்ன பாடு படும்? வேற எங்கயாவது போவோம். எல்லாருக்கும் பொதுவா."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆல்காய் பக்கம் வெந்நீர்க் குளியல் விடுதி ஒன்றில் இடம் பிடித்தேன். நோட்புர்கா அம்மாவுக்குப் போன் போட்டு, இந்த வருடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார், நான் மழுப்பினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அன்ஸ்கார் என்னை வீட்டுக்கு வரச் சொன்னான். குரல் சரியில்லை. போனபோது சமையலறையில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். மிர்யம் ஜன்னலோரம் நின்றாள்.

"நோட்புர்கா அம்மா கூப்பிட்டாங்க," என்றான். "நான் செத்துப் போயிட்டேனோன்னு பயந்துட்டாங்களாம். பதினேழு வருஷத்துல ஒரு தடவைகூட நான் ரூம் வேண்டாம்னு சொன்னதில்லையே."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்டா..."

"எனக்குக் கஷ்டமா இருக்குமான்னு என்னை யாராவது கேட்டீங்களா? கண்ணுதான்க்கா போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு குசுகுசுன்னு பேசுறது எனக்கு அந்த ரூம் வரைக்கும் கேக்குது."

மிர்யமின் முகம் சிவந்தது. அவனே தொடர்ந்தான்.

"வெந்நீர்த் தொட்டியில உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? ஊறப்போட்ட பயறு மாதிரி உப்பிக்கிட்டுக் கிடக்கவா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தப்புதான்டா. இப்ப என்ன செய்யலாம் சொல்லு," என்றேன்.

அவன் சொல்லவிருந்தது நாங்கள் யாரும் எதிர்பாராதது. செப்டம்பரிலேயே வெண்டலின்பாக் பனிச்சறுக்குப் பள்ளிக்குப் பேசியிருக்கிறான். பார்வையில்லாதவர்கள் சறுக்குவது உண்டாம். வழிகாட்டி ஒருவர் சில அடி முன்னால் போய்க்கொண்டே குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருபவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பள்ளியில் அந்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்தான் இருந்தார். முதல் நாள் இரண்டு மணி நேரம் அவர் வந்து சொல்லித்தருவார். மற்ற நாட்களுக்குச் சொந்த ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்ற யோசனையிலேயே அக்டோபர் முழுவதும் அவனுக்கு ஓடிவிட்டது. அதனால்தான் போன் வரவில்லை.

"மிர்யம்தான் நம்மள்ல நல்லா சறுக்குறவ," என்றேன்.

"அவ நல்லா சறுக்குவா. ஆனா வாயே திறக்க மாட்டா. ஒரு மலையே இறங்கி வந்தாலும் மொத்தமா ரெண்டு வார்த்தைதான். நீ இருக்கியே, சாகப்போற நேரத்துலயும் பக்கத்து வீட்டுக்காரி கதை பேசுவே. மெதுவாவும் போவே. எனக்கு அதான்க்கா வேணும்."

"என்னால முடியாதுடா. நானே நீலப் பலகை வெச்ச லேசான சரிவுல விழுந்து எழுந்து வர்றவ. உன்னை எங்கயாவது கொண்டுபோய் மரத்துல மோத விட்டா?"

"மோதினா மோதுறேன். கேட்டாச்சு. யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் சரி என்றேன்.

ஆனால் அறைகள் போய்விட்டிருந்தன. நான் விட்டுக்கொடுத்த அறைகளை ஒரு டச்சுக் குடும்பம் எடுத்துக்கொண்டது. கார்னிவல் வாரத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. அன்ஸ்கார் மூன்று நாள் போனும் கையுமாக இருந்தான். அவனை அப்படிப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. கடைசியில் மார்ச் இரண்டாம் வாரத்தில் நோட்புர்கா அம்மாவிடமே இரண்டு அறைகள் கிடைத்தன. "மார்ச்தான் நல்லது," என்று எங்களுக்குப் புரியவைத்தான். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டம் இருக்காது. மதியத்துக்கு மேல பனி இளகிடும், அதனால எட்டரைக்கே மேல போயிடணும். ரோப் கார் ஸ்டேஷன்லருந்து கிழக்கால இறங்குற சரிவு அகலம் ஜாஸ்தி. அங்க ஆரம்பிக்கிறோம்." மிர்யம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

ஜனவரியில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் பனி விழுந்தது. மேலே ஏற இழுவைக் கயிறு ஒன்று மட்டும் உள்ள சின்னச் சரிவு. ஓட்மார் ஒரு சிறிய ஒலிபெருக்கியை என் இடுப்பில் கட்டிவிட்டார். பார்வையில்லாதவர் என்று மற்றவர்களுக்குக் காட்டும், கறுப்புப் புள்ளி மூன்று வைத்த மஞ்சள் மேலங்கியை அன்ஸ்கார் மாட்டிக்கொண்டான். நான் முன்னால், அவன் பின்னால்.

"வலது... வலது... போதும். நேர். இடது வா. இன்னும் இடது."

இரண்டு முறை நன்றாகவே இறங்கினோம். மூன்றாவது முறை, குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தது. நான் குரல் கொடுக்க மறந்துவிட்டேன். இரண்டு மூன்று வினாடிகள்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தபோது அவன் வேலியோரம் பனிக்குள் தலைகுப்புறக் கிடந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உதட்டில் ரத்தம். "மன்னிச்சுக்கடா, மன்னிச்சுக்கடா" என்று அழுதேன்.

"விழுந்தது பரவால்லக்கா," என்றான், பனியைத் துப்பிக்கொண்டே. "நீ வாயை மூடினதுதான் தாங்கலை. திடீர்னு உலகத்துல யாருமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலைன்னா அதையே சொல்லு. 'தெரியலை, தெரியலை'ன்னு கத்து."

அதன் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் குன்றுக்குப் போனோம்.

மார்ச்சில் வெண்டலின்பாக் போய்ச் சேர்ந்தோம். நோட்புர்கா அம்மா வாசலிலேயே அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாவம் என்ற பேச்சே இல்லை. "இளைச்சுட்டே. ராத்திரிக்கு ரெண்டு தட்டு சாப்பிடணும்," என்று மட்டும் அதட்டினார்.

முதல் நாள் காலை நானும் அன்ஸ்காரும் ஆசிரியரோடு மேலே போனோம். எட்டரை மணிதான், ஆனால் ஏதோ பனிச்சறுக்குச் சங்கத்துக்காரர்கள் முப்பது பேர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். நாலா பக்கமும் பலகைகள் பனியைக் கீறும் சத்தம். அன்ஸ்கார் பலகைகளை மாட்டிக்கொண்டு சரிவின் விளிம்பில் நின்றான். நான் குரல் கொடுத்தேன். ஆசிரியர் குரல் கொடுத்தார். அவன் கால் நகரவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றான். பிறகு பலகைகளைக் கழற்றினான்.

கீழே இறங்கும் ரோப் காரில் நாங்கள் இருவர் மட்டும். எல்லாரும் மேலே வரும் நேரத்தில் இறங்குகிறோமே என்று வியந்த பணியாளர், "ஏதாச்சும் மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்க. தைரியத்தை," என்றான் அன்ஸ்கார்.

பணியாளர் சிரித்தார். அவனும் சிரித்தான். கதவு மூடியதும் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று மாலை வரை அறையைவிட்டு வரவில்லை. மிர்யம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு அவளைத்தான் அனுப்பினான். "அண்ணி, நாளைக்குப் பாதி மலைதானாம். நடு ஸ்டேஷன்ல இறங்கணுமாம். எட்டு மணிக்கே தயாரா இருக்கச் சொன்னான்."

இரண்டாம் நாள் பாதி மலை. நான்கு முறை விழுந்தான், நான் இரண்டு முறை. மூன்றாம் நாள் உச்சியிலிருந்தே தொடங்கினோம். மிர்யமும் ஓட்மாரும் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தார்கள், வேறு யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டு.

பாதி வழியில், "இப்ப வலப்பக்கம் மூணு பைன் மரம் வரும், அதைத் தாண்டினா சரிவு செங்குத்தா விழும்," என்றான்.

அங்கே மரமே இல்லை. வெட்டிவிட்டு, செயற்கைப் பனி அடிக்கும் இயந்திரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சொன்னேன்.

அவன் நின்றுவிட்டான். சறுக்குக் கழியால் பனியை இரண்டு முறை குத்தினான். "போன வருஷம்கூட இருந்துச்சே," என்றான். பிறகு, "சரி. அப்ப எனக்குத் தெரிஞ்சதை நம்பிப் பிரயோஜனம் இல்ல. இனிமே நீ சொல்றதுதான். போ," என்றான்.

போனேன். எதிரில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன்: மேடு, பள்ளம், சிவப்புச் சட்டைக்காரர், பனிக்கட்டி பளபளக்கும் இடம், எனக்கே பயமாக இருந்த வளைவு. அவன் பலகைச் சத்தம் என் பின்னாலேயே வந்தது. முன்பெல்லாம் அவன் ஏழு நிமிடத்தில் இறங்கும் சரிவு அது. எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

அடிவாரத்தில் சமதளம் வந்ததும், "நில்லு, முடிஞ்சுது," என்றேன். அவன் நின்றான். மிர்யம் வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஓட்மார் மூக்கைத் துடைத்துக்கொண்டே, குளிர் அதிகம் என்றார்.

மர பெஞ்சில் போய் விழுந்தேன். அவன் தடவித் தடவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மறுபடி போலாமாக்கா?"

"பத்து நிமிஷம் குடுடா. கால் ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது."

"எனக்கும் ஆடுது," என்றான்.

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து ரோப் காருக்கு வரிசையில் நின்றோம்.