இரண்டு ஜாடி மாவுவண்டுகள்

ஆய்வகத்தில் அவளுக்கு வண்டம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு கண்ணாடி ஜாடிகளில் மாவுவண்டு வளர்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரே மாவு, ஒரே சூடு, ஜாடிக்கு ஐம்பது வண்டு என்று தொடங்கினாள். மாதம் ஒருமுறை மாவைச் சலித்து எண்ணித் தருவது சல்லடையக்கா.

ஐந்தாறு மாதம் இரண்டு ஜாடியும் ஒட்டிப் பிறந்தவைபோல ஏறி இறங்கின. பிறகு தறிகெட்டுப் போயின. ஒன்றில் முந்நூறு, மற்றதில் நாற்பது; அடுத்த மாதம் தலைகீழ்.

“எண்ணும்போது கைதவறிக் கொட்டிட்டு, இதுலேருந்து அதுல அள்ளிப் போட்டீங்களாக்கா?”

“என் கை சுத்தம்மா. எண்ணினதைத்தான் எழுதினேன்.”

வண்டம்மா நம்பவில்லை. துறைத்தலைவரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே அக்காவைக் குடுவை கழுவும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு மாதமும் அவளே சலித்து, அவளே எண்ணினாள். எண்கள் அதேபோலக் கூத்தாடின.

வண்டு பெருகினால் முட்டை பெருகும். நெரிசல் மிகுந்தால் பெரியவை முட்டைகளையே தின்றுவிடும். விதி அவ்வளவுதான். அதைக் கணினியில் போட்டு ஐம்பதிலிருந்து ஓட்டினாள். பிறகு ஐம்பத்தொன்றிலிருந்து. முதலில் இரண்டு வரிசையும் கைகோத்து நடந்தன. போகப்போக ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. எவர் கையும் படாத கணக்கு; அதிர்ஷ்டத்துக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வீசிய எண்களைப் போலத்தான் இருந்தது.

அந்த எண்களை அச்சடித்த தாளோடு கீழ்த்தளத்துக்கு ஓடினாள். அக்கா குடுவைக்குள் தூரிகையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிடுங்கக்கா. தப்பு உங்க மேல இல்ல. ஒரு ஜாடியில ஒரே ஒரு வண்டு கூடுதலா செத்திருந்தாலே போதும், எல்லாம் மாறிடுது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

அக்கா தாளைப் பார்க்கவில்லை. “கணக்கு சொன்னாத்தான் நம்புவீங்களா? நான் சொன்னப்போ?”

மறுநாள் துறைக்கூட்டத்தில் வண்டம்மா எல்லோர் முன்னிலும் புகாரைத் திரும்பப் பெற்றாள். அக்காவைத் திரும்ப அழைத்தார்கள். யோசித்துச் சொல்வதாக அவள் சொல்லியனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அக்கா வந்து நின்றாள்.

“வேலைக்கு வரேன். ஆனா நான் எண்ணும்போது நீங்களும் பக்கத்துல நின்னு எண்ணணும்.”

“சரிக்கா.”

அன்று இருவரும் தோளோடு தோள் உரச, வாய்விட்டு எண்ணினார்கள். நூற்றுப் பதினேழு.