காருக்கு அடியில் மாப்பிள்ளை

தையல்காரர் நிதானமான ஆள். ஒரு பொத்தானுக்குக் காஜா எடுப்பதற்கே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். காரின் சைலன்ஸர் குழாய் கடகடவென்று ஆட ஆரம்பித்ததும், தானே சரிசெய்வதென்று முடிவெடுத்து, வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்று வீடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு அவரிடம் இல்லை. ஜாக்கியால் காரைத் தூக்கி, அதற்குப் பதிலாகக் கழற்றிய முன்சக்கரத்தைப் படுக்கவைத்து, காரின் ஓரச் சட்டத்துக்கு அடியில் தள்ளினார். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைக்கவும் சொல்லியிருந்தார்கள். ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டார்.

அன்று மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். "அத்தை, இதோ கிளம்பிடலாம்" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தார்.

மாமியார் 'இதோ' என்றால் இதோ என்று எடுத்துக்கொள்கிறவர். கைப்பையோடு வந்தார். ஜாக்கி அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம், கண்ணும் மங்கல். பின்கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, படாரென்று சாத்தினார்.

கார் ஒரு சாண் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. கார் இறங்கி, படுத்திருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது.

"மாப்பிள்ளை, கிளம்பியாச்சா?"

"அத்தை, நான் கீழ இருக்கேன்."

"கீழ என்ன பண்றீங்க? நேரமாகுது."

"காரு என் மேல இருக்கு."

மாமியார் கதவின் பிடியில் கை வைத்தார். "நான் இறங்கட்டுமா?"

"வேண்டாம். அசையாதீங்க. உங்க பொண்ணைக் கூப்பிடுங்க."

கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே வந்தது. மனைவி தரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உயிரோட இருக்கீங்களா?"

"அரை மூச்சுக்கு இருக்கேன்."

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லைப் போட்டார். தன் ஜாக்கியால் காரைத் தூக்கத் தூக்க, கீழே கட்டைகளைச் செருகிக்கொண்டே வந்தார். தையல்காரர் வெளியே ஊர்ந்தார். முதுகில் சட்டை கிழிந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது.

"இப்ப இறங்கலாமா?" என்றார் மாமியார், காருக்குள்ளிருந்து.

டாக்ஸியில்தான் போனார்கள். வழி முழுக்க மாமியார் மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னபோதும் விடவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.