மூடுபாறைக்கு மேலே

...ஆனால் அந்தக் கடலடிப் பாறை ஏன் காலியாக இருந்தது, அதைத்தான் யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் எண்ணெய் தேடி வந்தவர்கள் கடலடியில் துளை போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள், இப்போது இந்தக் கம்பெனிக்காரர்கள் காலியிடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறார்கள், ஆலைகள் கக்கும் கரியமிலவாயுவை அமுக்கி உள்ளே அனுப்பினால் ஆயிரம் வருஷம் அசையாமல் கிடக்குமாம். திரையில் கடலடிப் பாறைகளின் அதிர்வுப் படம், வரிவரியாக. குடைபோல் வளைந்த மணற்கல், அதன்மேல் மூடியாகக் களிப்பாறை, அடியில் எண்ணெய் ஊறும் பாறை... எல்லாம் இருந்தும் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை என்றால்? மூடிக்கு மேலே வரிகள் கலைந்து புகைபோல் ஒரு மங்கல், பாறையின் எல்லையைக் காட்டக் கம்ப்யூட்டர் தானாக இழுத்த கோடு அதைக் கவனிக்காமல் நேராகத் தாண்டிப் போயிருந்தது. காபி குடித்தோமா என்று அவளுக்கு நினைவில்லை, கோப்பை காலியாக இருந்தது, குடித்திருக்க வேண்டும். கணவர் இறந்து இரண்டு மாதமா, மூன்றா... பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான், "அக்கா, அது சும்மா இரைச்சல், மீன் கூட்டம் போயிருக்கும்னு வெச்சுக்கங்க." பாறைக்குள்ள மீனாடா என்று முன்பென்றால் சிரித்திருப்பாள், இப்போது உதடு ஒரு பக்கமாக இழுத்தது, பிறகு அதுவும் விட்டுவிட்டது.

எல்லோரும் 'அவசரம்' என்று பெயர் வைத்திருக்கும் மேனேஜர் வழக்கம்போல் நின்றபடியே கேட்டார், "என்னம்மா, பச்சைதானே? துளை போடற கப்பல் காத்துட்டிருக்கு." பச்சை என்றால் தகுதி, சிவப்பு என்றால் இத்தனை பேரின் ஒரு வருஷ உழைப்பு குப்பைக்கு. தலையாட்டினால் போதும், ஆஸ்பத்திரியில், பேங்க்கில், எங்கே தலையாட்டினாலும் மீதியை யாராவது பார்த்துக்கொண்டார்கள்... ஆனால் பின்னொரு நாள் அந்த மங்கல் வழியாக எல்லாம் மேலே ஏறி வந்தால்?

"இல்ல சார். சிவப்பு."

"விளையாடறியா?"

"எண்ணெயே தங்கலையே சார், வாயு எப்படித் தங்கும்? மூடியில எங்கயோ வழி இருக்கு."

அவர் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், "சரி, காட்டு" என்றார். அவளுக்குப் பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை, அவ்வளவுதானா, இல்லை என்று சொன்னால் ஆள் நிற்கிறார், உட்கார்ந்து கேட்கிறார்... அப்படியானால் கொழுந்தன், இறந்துபோன கணவருடைய சட்டைகளை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போகட்டா அண்ணி" என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகும் செருப்பை மாட்டாமல் வாசலில் அவ்வளவு நேரம் நின்றானே, அவன் எதற்காக நின்றான்?